ஏழாம் அத்தியாயம்: சங்கப் புத்தகமும் சிறை வாசலும்

ஒரு பெண்ணுக்கு நேரும் துன்பங்களை அரசாங்கம் தன் வசதிக்காகத் தனித்தனிக் கந்தோர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. கடன் வங்கிக்கும், அடியும் உதையும் பொலிசுக்கும், வழக்கு நீதிமன்றத்துக்கும், தண்டனை சிறைச்சாலைக்கும் உரியனவாயின. ஆனால் அவளுடைய வளவுக்குள்ளே நின்று பார்ப்போமாயின், இவையெல்லாம் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும் ஒரே துன்பத்தின் பருவங்களே என்பது புலப்படும். கிழமைத் தவணைக்கு வழியில்லாத வீட்டிலே சண்டை மூளுகிறது. சண்டை மூண்ட வீட்டைப் புருஷன் கைவிட்டுப் போகிறான். பிள்ளைகளின் வயிற்றை நினைத்து இரண்டு போத்தல் கசிப்பு விற்கத் துணிந்தவள், மன்று விதித்த தண்டப்பணத்தைக் கட்ட வகையில்லாமல் மறியலுக்குப் போகிறாள். போய்த் திரும்பியவளுக்கு ஊரிலே ஒருவரும் ஐந்நூறு ரூபாய் கைமாற்றும் கொடுப்பதில்லை. ஆகையினால், சங்கம் அமைக்கும் முறையையும் சிறைக்குப் போகும் பெண்ணைக் காக்கும் முறையையும் இந்நூல் இரண்டு அத்தியாயங்களாகப் பிரிக்காமல் ஒன்றாகவே கூறுகின்றது.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதி வழியே ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகியவற்றைக் கடந்து வருவோர் அடையும் கிரான், கோறளைப்பற்று தெற்குப் பிரதேசத்தின் தலைவாசலாயிருப்பது. வீதியோரத்துக் கிரானிலே பிரதேச செயலகமும் கடைகளும் பாடசாலையும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஆனால் மேற்கே புலிபாய்ந்தகல்லைத் தாண்டிப் பொண்டுகள்சேனை, கோராவெளி, குடும்பிமலை என்று படுவான்கரைக்குள் விரிந்து செல்லும் கிராமங்களுக்கு, மாரிகாலத்தில் வீதியின்மேல் வெள்ளம் பாயும் நாட்களிலே தோணியல்லால் வேறு போக்குவரத்து இல்லை. 1978 நவம்பர்ச் சூறாவளி, பல்லாண்டு யுத்தம், 2007 வரை ஓயாத இடப்பெயர்வு, 2011 ஜனவரி வெள்ளம் என்று அடுத்தடுத்து அடிபட்ட இப்பிரதேசத்தில், வீட்டின் முழுப் பாரத்தையும் தனியே சுமக்கும் பெண்கள் இல்லாத ஒழுங்கையே இல்லை எனலாம். சங்கத்தை எங்கே கூட்டுவது, எந்நேரம் கூட்டுவது என்று தீர்மானிக்கும்போது இப்பூகோளத்தை மறவாதிருத்தல் வேண்டும். வீதியோரத்தாருக்கு வசதியான இடத்தில் வைத்த கூட்டம் கரைக்கப்பால் உள்ளவர்களை மார்கழியிலும் தையிலும் தானாகவே விலக்கிவிடும். அவ்வாறான ஊர்களுக்கு அவ்வவ்வூரிலேயே கிளைக் கூட்டம் வைத்து, சேமிப்புப் பணத்தை அங்கேயே பதிந்துகொள்ளும் ஏற்பாடு செய்தல் நன்று.

இனிக் கடன் கணக்கைப் பார்ப்போம். இதனை அங்கத்தவர் ஒவ்வொருவரும் தாமே தாளிலே எழுதிப் பார்க்கும்வரை அடுத்த விடயத்துக்குப் போகவேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டு வாசலுக்கு வந்து நுண்கடன் கொடுக்கும் ஒருவர் 50,000 ரூபாய் தருகிறார் என்றும், கிழமைக்கு 1,250 ரூபாய் வீதம் 52 கிழமைகள் கட்டவேண்டுமென்கிறார் என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் கட்டுவது 65,000, வட்டி 15,000. “முப்பது வீதந்தானே தங்கச்சி” என்று அவர் சொல்வார். பெருக்கிப் பார்த்தாலும் அப்படியே தோன்றும். ஆனால் அந்த ஐம்பதினாயிரம் ஆண்டு முழுவதும் அவள் கையில் இருந்ததா? முதற்கிழமை முடிவிலேயே அதில் ஒரு பகுதி திரும்பிப் போய்விட்டது. ஆறாம் மாதத்திலே ஏறக்குறையப் பாதிதான் அவளிடம் இருந்தது. கடைசி மாதத்தில் சொற்பமே மிஞ்சியிருந்தது. ஆயினும் வட்டியோ முதல்நாட் தொகை முழுவதும் கடைசி நாள்வரை அவளிடமே இருந்தாற்போலக் கணிக்கப்பட்டது. குறைந்து செல்லும் நிலுவைக்கு ஏற்ப முறையாகக் கணித்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 54 வீதத்துக்குக் கிட்ட வருகிறது.

அதே 50,000 ரூபாயை, மாதம் ஒன்றரை வீத வட்டிக்கு, எஞ்சிய முதலுக்கு மாத்திரம் வட்டி என்னும் முறையில், பன்னிரண்டு சம தவணைகளில் முதலைத் திருப்பும் நிபந்தனையோடு சொந்தச் சங்கம் கொடுக்குமாயின், ஆண்டு முழுவதற்கும் அவள் செலுத்தும் வட்டி 4,875 ரூபாய் மாத்திரமே. மிச்சமாகும் 10,125 ரூபாய் ஒரு குழந்தையின் பாடசாலைச் செலவாகலாம். சில கோழிகளும் கூடும் ஆகலாம். அன்றியும் செலுத்திய 4,875 ரூபாயும் அவள் பங்குதாரராய் இருக்கும் சங்கத்தின் வருமானமாகவே நிற்கிறது.

இக்கணக்கைப் புரியவைக்காமல் கையெழுத்து வாங்கும் பழக்கம் எந்தச் சங்கத்திலும் நுழையலாகாது. வயது முதிர்ந்த அங்கத்தவர் ஒருவர், “எனக்குக் கணக்கு விளங்காது கா, நீயே எழுது” என்று தாளைத் தள்ளிவிடுவார்; செயலாளராயிருக்கும் இளம்பெண், “விளங்கும் மட்டும் சொல்றன் மாமி, இப்ப கைநாட்டு வைக்காதீங்க” என்று பொறுமையோடு சொல்லத் தெரிந்தவளாயிருத்தல் வேண்டும். செயலாளரைத் தெரிவுசெய்யும்போது படிப்பைக் காட்டிலும் இப்பொறுமையையே நான் பெரிதாக மதிப்பேன்.

நுண்கடன் தொல்லை கிரானுக்கு மாத்திரம் உரியதன்று. 2018ஆம் ஆண்டிலே, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களிற் செலுத்தத் தவறியவற்றுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. 2021 மார்ச் மாதத்திலே பொலனறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களக் கிராமத்துப் பெண்கள் கடனை நீக்கக்கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மொழியும் சமயமும் வேறாயினும் கிழமைத் தவணையின் முன்னே இரு ஊர்ப் பெண்களும் ஒரே நிலையிலேதான் நின்றார்கள். நிவாரணத்தால் பழைய கடன் ஒருமுறை குறையலாம். அடுத்த விதைப்புக்கு முதல் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அக்கேள்விக்கு விடையாகத்தான் கூட்டுறவு வருகிறது.

இலங்கையில் கூட்டுறவு 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கடன் சங்கக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கிற்று. இன்று அடிப்படையாயிருப்பது 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின்னர் கூட்டுறவு மாகாண சபைக்குரிய விடயமாகையால், நம்மவர் நாடவேண்டியது கிழக்கு மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் மட்டக்களப்பு உதவி ஆணையாளர் அலுவலகத்தையே. பதினெட்டு வயது நிரம்பிய பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் சங்கம் பதிய விண்ணப்பிக்கலாம். ஆனால் இருபது பேர் சேரும்வரை பொறுத்திருப்பது நல்லது. ஊரிலே ஏற்கெனவே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கின்றதே என்று சிலர் கேட்பர். அது பயனுள்ள அமைப்பே. அதனைக் கைவிடவும் வேண்டாம். எனினும் அங்கத்தவரின் பங்குப் பணத்தையும் சேமிப்பையும் சட்டப்படி ஏற்றுக் கடன் கொடுத்து, ஆண்டுதோறும் கணக்காய்வுக்கு உட்பட்டு நடக்கும் தகுதி கூட்டுறவுச் சட்டத்தின்கீழ்ப் பதிந்த சிக்கன கடனுதவுச் சங்கத்துக்கே உண்டு. ஊர்ச் சீட்டும் அவ்வாறே. சீட்டுப் பிடிப்பவர் நாணயமானவராயிருக்கும்வரை அது ஓடும், அவர் ஓடினால் கேட்பதற்கு ஒரு பத்திரமும் இராது.

இருபது பெண்கள் கிழமைக்கு நூறு ரூபாய் வீதம் சேமித்தால் ஆண்டு முடிவில் 1,04,000 ரூபாய் சேரும். ஆளுக்கு ஆயிரம் ரூபாய்ப் பங்கும் சேர்த்தால் 1,24,000. இத்தொகையை இரண்டு பேருக்குப் பெருங்கடனாகக் கொடுத்து மற்றப் பதினெட்டுப் பேரைக் காத்திருக்க வைப்பது சங்கம் உடைவதற்கு இட்ட அத்திவாரமாகும். முதலாண்டிலே பத்தாயிரத்துக்கு மேற்படாத சிறு கடன்களே கொடுங்கள். மருந்துச் செலவு, பாடசாலைச் செலவு, மாட்டுக்குத் தீன், நெற்குத்தும் கூலி என்பன போன்ற தேவைகளுக்கு. வங்கிக் கணக்கிலே மூவர் பெயர் இருக்கட்டும், இருவர் கையொப்பமின்றிப் பணம் எடுக்க இயலாதிருக்கட்டும். கூட்டத்திற் சேர்ந்த காசு அன்றிரவு பொருளாளர் வீட்டிலே தங்கலாகாது. வெள்ளத்தால் வங்கிக்குப் போக முடியாத நாட்களில் எண்ணி, முத்திரையிட்டு, இருவர் முன்னிலையிற் பூட்டி வைத்து, அதனை அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கொள்க. பொருளாளரை நம்பவில்லை என்பது இதற்குப் பொருளன்று. அவளுடைய புருஷனோ சகோதரனோ கைமாற்றுக் கேட்டு நெருக்கும்போது, “காசு என்னிடம் இல்லை” என்று உண்மையாகவே சொல்லக்கூடிய நிலையில் அவளை வைப்பதே இதன் நோக்கம்.

கடன் மாத்திரம் கொடுக்கும் சங்கம் சில வருஷங்களிலே களைத்துப்போகும். அங்கத்தவரின் உற்பத்திக்கு விலை தேடும் சங்கமே நிலைக்கும். கிரான் மாட்டு வளத்துக்குப் பேர்போன பூமி. படுவான்கரைப் பட்டிகளிலே கறக்கும் பாலைக் கூட்டாகச் சேர்த்துத் தயிராக்கிச் சட்டியிலே விற்பதும், நெல்லை அவித்துக் குத்தி அரிசியாகவும் மாவாகவும் விற்பதும், பன் அறுத்து உலர்த்திப் பாய் இழைப்பதும் இப்பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாத தொழில்கள். அளவு, சுத்தம், வண்டிக்கூலி, வாங்குவோரிடம் பணம் அறவிடுதல் ஆகிய நான்குமே கற்க வேண்டியவை. மேய்ச்சற்றரைத் தகராற்றினாலும் வரட்சியினாலும் பால் குறையும் மாதங்கள் வருமாகையால், ஒரே தொழிலை மாத்திரம் நம்பிச் சங்கத்தின் முழு முதலையும் அதில் இறக்குதல் விவேகமன்று.

பெண்களின் கூட்டுறவு புதுமையான யோசனை என்று மலைப்போர்க்குச் சில முன்னுதாரணங்கள் கூறுவேன். 1844இலே இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்திற் கடை தொடங்கிய நெசவாளரும் தொழிலாளரும், விவாகமான பெண் தன் பெயரிலே சொத்து வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் இடங்கொடாத அக்காலத்திலேயே, பெண்களை அங்கத்தவராக ஏற்றார்கள். 1974இல் அகமதாபாத்திலே எலா பட் அவர்களின் சேவா இயக்கத்தைச் சேர்ந்த நாலாயிரம் ஏழைத் தொழிலாளப் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியையே நிறுவினார்கள். எழுத்தறியாதவர்களுக்குக் கையொப்பத்துக்குப் பதிலாகக் கணக்குப் புத்தகத்தில் அவர்களுடைய புகைப்படமே ஒட்டப்பட்டது. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978இலே தொடங்கிய உழைக்கும் பெண்கள் இயக்கம், வங்கிகளின் வாசலில் அலைந்து சலித்தபின் 1981இல் தன் சொந்தக் கடன் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது. புகைப்படம் ஒட்டிய புத்தகம் என்னும் அவ்வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். மற்றொருவர் வந்து பணம் எடுத்துச் செல்ல அது இடங்கொடாது.

புருஷன் வந்து கேட்டாலும் பிள்ளை வந்து கேட்டாலும் அங்கத்தவர் நேரில் வந்தாலன்றிச் சேமிப்புப் பணம் வெளியே போகாதென்று முதற்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதனை எழுதி வீட்டார் அறியும்படி சுவரிலும் ஒட்டுங்கள். அடித்துப் பறிக்கும் பழக்கமுள்ள வீட்டிலே, பறிப்பதற்கு ஒன்றும் கையில் இல்லையென்று தெரிந்தபின் அடி குறைந்துவிடும் என்று நான் உறுதி கூறமாட்டேன். சில வீடுகளில் அது முதலிலே கூடவுங்கூடும். ஆகவே சேமிப்புப் புத்தகத்தோடு பாதுகாப்பு ஏற்பாடும் அன்றே தொடங்கவேண்டும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை ஒவ்வொரு சங்கத்திலும் குறைந்தது இருவர் நன்கு அறிந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவள் தானே நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். கிரான் பெண்களுக்கு அது பெரும்பாலும் வாழைச்சேனை நீதிமன்றமாயிருக்கும். அவசரமென்று கண்டால் மன்று உடனே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பித்து, பதினான்கு நாட்களுக்குள் விசாரணைக்குத் தவணையிடும். விசாரித்தபின் பன்னிரண்டு மாதம் வரை செல்லும் கட்டளையைத் தரலாம். உடற்காயம் மாத்திரமன்றிக் கொடிய மனத்துன்பமும் இச்சட்டத்துக்குள் அடங்கும். குற்றஞ் செய்தவர் வீட்டுக்குள் நுழையலாகாது, அவளோடு தொடர்பு கொள்ளலாகாது, அவள் தொழில்செய்யும் இடத்துக்கு வரலாகாது என்றெல்லாம் கட்டளையிட மன்றுக்கு அதிகாரம் உண்டு.

இவ்விடத்திலே மட்டக்களப்புப் பெண்களுக்கு மற்ற ஊர்ப் பெண்களுக்கில்லாத ஒரு பலம் இருப்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாய்வழிக் குடி மரபு வேரூன்றிய இந்நாட்டிலே வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறான். அடிபட்டவள் பிள்ளைகளையும் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதில்லை. அடித்தவன் வெளியேறட்டும் என்று கேட்பதற்குச் சட்டமும் ஊர் வழக்கமும் இரண்டும் அவளுக்குத் துணை. ஆனால் உறுதி அவள் பெயரில் இருக்கிறதா, ஈடு வைக்கப்பட்டதா என்பதைச் சண்டைக்கு முன்னரே பார்த்து வைத்திருத்தல் அவசியம். அரசகாணி ஒப்பத்தில் இருப்போர், பின்னுரிமையாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவிலே விசாரிக்க வேண்டும். பெயர் பதியாதவிடத்து ஆண்மக்களையே முன்வைத்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பழைய அட்டவணை 2022இலே திருத்தப்பட்டு ஆண் பெண் பேதம் நீக்கப்பட்டது.

சங்கத்திலே இரகசியம் காக்கத்தக்க இருவரைத் துணையாட்களாகத் தெரிந்தெடுங்கள். அடிபட்டவள் கதவைத் தட்டினால் அவர்கள் கேள்வி கேட்டு நேரம் போக்காமல், முதலிலே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். விழுந்துவிட்டேன் என்று சொல்லாமல், யார் எதனால் அடித்தாரென்று வைத்தியருக்குச் சொல்லச் செய்ய வேண்டும், ஏனெனில் அப்பதிவே பின்னர் மன்றிலே பேசும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளைத் துணையாள் வீட்டிலே முன்னதாகவே வைத்திருப்பது நன்மை தரும். 1938 என்பது பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம், 1929 சிறுவர்களுக்கு, 119 பொலிசுக்கு. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும், மட்டக்களப்பிலே சட்ட உதவி ஆணைக்குழுவும் உண்டு. யுத்தத்தால் இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1991இலே கொழும்பில் தொடங்கி 1993இல் மட்டக்களப்புக்கு வந்து நிலைகொண்ட சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், இத்துறையில் நீண்ட காலம் உழைத்துவரும் தாபனம். இவ்வழக்குகளின் விபரம் எதுவும் சங்க அறிக்கைப் புத்தகத்தில் ஏறலாகாது.

இனிச் சிறையைப் பற்றிப் பேசுவோம். இலங்கைச் சிறைகளுக்குத் தீர்ப்புப் பெற்று வருவோரிற் பெருந்தொகையினர் தண்டப்பணம் செலுத்த முடியாமையாலேயே உள்ளே போகிறவர்கள். பெண்கள் சிறைவாசிகளில் மிகச் சிறு பகுதியினரே; ஆயினும் அச்சிறுமையே அவர்களுக்குக் கேடாய் முடிகிறது, ஏனெனில் கட்டடமும் ஒழுங்கும் ஆண்களை நினைத்தே அமைக்கப்பட்டிருக்கின்றன. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, அம்பிகா சற்குணநாதன் அவர்களின் வழிநடத்தலிலே 20 சிறைச்சாலைகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட அறிக்கை, நெருக்கடியையும் சுகாதாரக் குறைவையும் சட்டத்துணையின்மையையும் விரிவாக எடுத்துக்கூறிற்று. நீண்ட தண்டனை பெற்ற கிழக்குப் பெண் கொழும்பு வெலிக்கடைக்குப் போகநேர்ந்தால், முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் சென்று அவளைப் பார்த்துவர எந்தத் தாய்க்கு வசதி உண்டு? தாயோடு சிறைக்குள் வளரும் குழந்தைக்கும் ஐந்து வயதானால் வெளியே வரவேண்டும். அதற்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்பதைச் சங்கம் முன்னரே எண்ணிப்பார்க்க வேண்டும்.

முதலிலே தெளியவேண்டியது: நுண்கடன் தவணை தவறுதல் பொலிசார் கைதுசெய்யும் குற்றமன்று. அது குடியியல் விவகாரம். மத்தியஸ்த சபைக்கோ குடியியல் மன்றுக்கோ போகத்தக்கது. “பொலிசிலே பிடித்துக் கொடுப்பேன்” என்று வாசலில் நின்று சத்தமிடுபவரின் பேச்சுக்கு அஞ்சி நகையை விற்க வேண்டாம். ஆனால் காசோலை கொடுத்துக் கணக்கிற் பணமில்லாமல் அது திரும்புமாயின், 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றமாகலாம். ஆகவே தொகை எழுதாத காசோலையிலோ வெறுந்தாளிலோ எக்காரணங்கொண்டும் கையெழுத்திடலாகாது.

கைது நேர்ந்தால் முதற்பணி பிணை. பிணை கிடைத்தும், பிணைநிற்க ஆளில்லாமையால் விளக்கமறியலிலே கிடக்கும் பெண்கள் உண்டு. பிணையாளியிடம் நிரந்தர வதிவிடம் காட்டக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் கேட்பது வழக்கமாகையால், பிணைநிற்க இசைந்த அங்கத்தவர் நால்வரின் பெயரைச் சங்கம் முன்கூட்டியே அறிந்து வைத்திருத்தல் பேருதவியாகும். பிணைநின்றவர்க்குப் பொறுப்பும் உண்டு. வழக்குத் தவணைக்கு அவள் வராவிட்டாற் பணம் போகும் என்பதை இருவரும் அறிந்தே கையெழுத்திடட்டும். வழக்குத் தவணைகளைச் சங்கத்தின் நாட்காட்டியில் மறைகுறியாகக் குறித்து, முதல்நாளே அவளுக்கு நினைவூட்டுவது துணையாட்களின் கடமை.

தண்டப்பணம் விதிக்கப்பட்டால் அவகாசமும் தவணையும் கேட்டு மன்றிலே விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணி இல்லாதவள் தானே எழுந்து நின்று கேட்கலாம். கட்டத் தவறி உள்ளே போய்விட்டாலும் விடயம் முடிந்துவிடவில்லை. அனுபவித்த நாட்களுக்கேற்பக் கட்டவேண்டிய தொகை குறையுமாகையால், இன்றைய தேதியில் எவ்வளவு கட்டினால் விடுவிப்பார்கள் என்பதைச் சிறைச்சாலை அலுவலகத்திலே கேட்டறிந்து, அத்தொகையை யாரும் கட்டி அவளை அழைத்து வரலாம். இதற்கென ஆண்டு இலாபத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுநல நிதியாக ஒதுக்கித் துணைவிதியிலே இடம் வைத்துக்கொள்ளுங்கள். துணைவிதியில் இல்லாத செலவைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார். அன்றியும் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின்படி, சிறைக்குப் பதிலாகச் சமுதாயத்திலே வேலைசெய்யுமாறு நீதவான் கட்டளையிடலாம். பால் குடிக்கும் குழந்தையுள்ள தாய்க்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வொருவர் சங்கத்திலிருந்து வரலாம்.

சிறைக்குள்ளே சீர்திருத்தம் வெளியிலிருந்து சென்ற பெண்களாலேயே பலமுறை தொடங்கியிருக்கிறது. இலண்டன் நியூகேட் சிறைக்கு 1813இலே முதன்முதல் போன எலிசபெத் பிரை, 1817இல் அங்கே பெண்களுக்குப் பாடசாலையும் தையல் வேலையும் ஏற்படுத்தினார். அங்கு நடக்கவேண்டிய ஒழுங்குகளைச் சிறைப்பட்ட பெண்களிடமே வாக்கெடுத்து நிறுவினார் என்பது நாம் கவனிக்கத்தக்கது. ஐக்கிய நாடுகள் சபை 2010இல் ஏற்ற பாங்கொக் விதிகள், பெண்ணைப் பெண் உத்தியோகத்தரே சோதிக்கவேண்டும், குழந்தையுள்ள தாய்க்குச் சிறையல்லாத தண்டனையை முதலில் எண்ணவேண்டும் என்பன போன்ற எழுபது விதிகளைக் கொண்டவை. இத்தாலி 1991இலே இயற்றிய சமூகக் கூட்டுறவுச் சட்டம், சிறைவாசிகளுக்கும் வேலை கொடுக்கும் கூட்டுறவுகளுக்குச் சலுகை அளித்தது. வெனிசு நகரத்துப் பெண்கள் சிறையிலே காய்கறித் தோட்டமும் சலவைத் தொழிலும் அவ்வழி வந்தவை. பிரேசிலின் பாரா மாநிலத்துப் பெண்கள் சிறையொன்றிலே கைவினைப் பொருள் செய்வோர் 2014இல் தாமே அங்கத்தவராய் ஒரு கூட்டுறவை அமைத்தார்கள். தமிழ்நாட்டிலே புழல் சிறைப் பெண்கள் நடத்தும் பெட்ரோல் நிலையம் 2023இல் திறக்கப்பட்டது. நம்முடைய சிறு சங்கம் இவற்றை அப்படியே செய்துவிட முடியாது. ஆனால் சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தர் மூலமாக அனுமதி பெற்று, பாய் இழைத்தலும் தையலும் கற்றுக்கொடுக்க அங்கத்தவர் சிலரை அனுப்பலாம்; உள்ளே செய்த பொருளைச் சங்கக் கடையிலே விற்று அவள் கணக்கில் வரவு வைக்கலாம்; தமிழல்லாது வேறு மொழி அறியாதவளுக்குக் கடிதம் எழுதலாம்.

யாவற்றினும் கடினமானது அவள் திரும்பி வரும் நாள். ஊரார் பழிசொல்லக்கூடும்; சங்கத்து அக்காமார் சிலருமே, “அவளைச் சேர்த்தால் சங்கத்தின் பேர் கெட்டுப்போகும்” என்று சொல்லக்கூடும். இவ்வாதம் எழுந்தபின் பதில் தேடுவது தாமதமாகும். யாருடைய பெயரும் மனத்தில் இல்லாத தொடக்க நாட்களிலேயே விதியை எழுதிவிட வேண்டும். பின்வரும் வாசகத்தைத் துணைவிதியிலே சேர்க்குமாறு சிபாரிசு செய்கிறேன்: ‘அங்கத்தவர் ஒருவர் விளக்கமறியலிலோ சிறையிலோ இருக்குங்காலத்தில் அவருடைய பங்கு பறிமுதலாகாது, சேமிப்பு நிலுவை கணிக்கப்படாது, கடன் தவணை நிறுத்திவைக்கப்படும், அதற்குத் தண்டவட்டி இல்லை. விடுதலையானதும் அவர் முன்போல் முழு உரிமையுள்ள அங்கத்தவராவார். விடுதலையான ஆறு மாதத்துக்குள் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படாத தொழிற்கடனுக்கு முன்னுரிமை பெறுவார்.’ சங்கத்தின் பணத்தைக் கையாடியதற்காகத் தண்டனை பெற்றவருக்கு இவ்விதி பொருந்தாதென்று ஒரு விலக்கும் சேர்க்கலாம். நிருவாக சபைக்குத் தெரிவாவது பற்றி வேறு நிபந்தனை இருந்தால் அது அவ்வாறே இருக்கட்டும்.

இவ்வாசகத்தோடு கூடிய துணைவிதி வரைவை, பதிவு விண்ணப்பத்தோடு சேர்த்தே உதவி ஆணையாளர் அலுவலகத்திற் கொடுங்கள். பதிந்தபின் திருத்துவதானால் பொதுச்சபைத் தீர்மானமும் அங்கீகாரமும் தனியே வேண்டிவரும். கரைக்கப்பால் உள்ள ஊரார் ஐப்பசி பிறக்குமுன்னரே இவ்வேலையை முடித்துக்கொள்வது நல்லது. அதன்பின் வெள்ளம் வடிந்து வீதி திறக்கும்வரை மட்டக்களப்புக்குப் போய்வருவது எளிதன்று.